மழையிலும் வெயிலிலும் சாரணர் முகாம் தேவையா? ஆண்டுத் திட்டம் குறித்த விவாத இழை

ஜூன் 4: வந்த கேள்வி

"எங்கள் சாரணர் படையில் 11 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். கடும் வெயிலிலும் மழையிலும் வெளிப்புற நிகழ்ச்சிகளை முற்றிலும் நிறுத்திவிட்டு, வானிலை இதமாக இருக்கும் இரண்டு மூன்று மாதங்களுக்குள் எல்லா முகாம்களையும் நடைப்பயணங்களையும் நடத்தி முடித்துவிடுவதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. மற்ற மாதங்களில் முடிச்சுகள், முதலுதவி, அணிவகுப்பு ஆகியவற்றைக் கூடத்துக்குள்ளேயே கற்பித்துவிடலாம். இதில் குறை ஏதும் உண்டா?"

ஜூன் 4, இரவு

குறை உண்டு என்றே நினைக்கிறேன். காரணங்களை ஒரே மூச்சில் எழுத இயலாது. நேரம் கிடைக்கும்போதெல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முடிச்சுகளைக் கூடத்துக்குள்ளேயே கற்பித்துவிடலாம் என்கிறீர்கள், அதிலிருந்தே தொடங்குவோம். பருத்தி, சணல் போன்ற இயற்கை இழைக் கயிறு நனைந்தால் பருத்து, நீளத்தில் குறுகும். மாலையில் விறைப்பாக இழுத்துக் கட்டிய கூடாரக் கயிறு இரவு மழையில் மேலும் இறுகி முளையைப் பிடுங்கிவிடும், அல்லது துணியைக் கிழித்துவிடும். ஆகவேதான் படுக்கப் போகுமுன் கயிறுகளைச் சற்றுத் தளர்த்திவிடும் பழக்கம் அந்தக் காலச் சாரணர்களிடம் இருந்தது. நைலான் கயிறு இதற்கு நேர்மாறானது. அது நனைந்தால் நீளும், மேல்துணி தொய்ந்து உள்துணியைத் தொடும், தொட்ட இடத்தில் நீர் கசியத் தொடங்கும். எனவே அதை நடு இரவில் எழுந்து இறுக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதிப்போடலாம். ஆனால் எந்தக் கயிற்றை எப்போது எவ்வளவு தளர்த்துவது என்பது கைக்குத் தெரிய வேண்டுமானால் அந்தக் கை மழையில் நனைந்திருக்க வேண்டும்.

எங்கள் படையில் முடிச்சுப் போட்டியென்றால் தவறாமல் முதலிடம் பெறும் ஒரு சிறுவன், மழைக்கால முகாமொன்றில், விரல்கள் விறைத்துப்போன நிலையில், ஈரக் கயிற்றில் இறுகிக் கிடந்த போலைன் என்னும் நழுவாத வளைய முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான். முடிச்சின் கழுத்தைப் பின்னுக்கு மடித்தால் அது எவ்வளவு இறுகியிருந்தாலும் இளகிக்கொடுக்கும் என்று கூடத்தில் பலமுறை சொல்லியிருந்தேன்; அங்கே அவனுக்கு அது தேவைப்படவில்லை. அந்த இடத்தில் ஒரே முறை காட்டியதும் பிடித்துக்கொண்டான்.

ஜூன் 5

நேற்றைய குறிப்பைப் படித்த சிலர், எந்த மழையிலும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டிருப்பதால் இதை உடனே எழுதுகிறேன். மழை வேறு, இடி மழை வேறு. மின்னலைக் கண்ட நொடியிலிருந்து இடியோசை கேட்கும்வரை எண்ண வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 3 நொடிகள் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் 30 நொடிகளுக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் விழுந்திருக்கிறது, அடுத்தது நம் தலைக்கு மேலேயே விழலாம் என்று பொருள். அந்தக் கணமே விளையாட்டும் சமையலும் நின்றுவிட வேண்டும். உறுதியான கட்டடத்துக்குள்ளோ, உலோகக் கூரையுள்ள மூடிய வண்டிக்குள்ளோ எல்லாரும் போய்ச் சேர வேண்டும். கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடங்கள் கழியும்வரை யாரும் வெளியே வரக் கூடாது. கூடாரம் மின்னலிலிருந்து காப்பாற்றாது. தனித்து நிற்கும் மரத்தடியோ கேடு விளைவிக்கும். இந்த விதியைப் பொறுத்தவரை எங்கள் படையில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.

ஓடைகளுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். நம் தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே மேற்கே எங்கோ மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்து சேரலாம். நீரின் நிறம் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் அதிகமாக மிதந்து வரத் தொடங்கினாலோ உடனே கரையேறிவிட வேண்டும். வறண்ட ஆற்றுப்படுகையின் மணல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அங்கே கூடாரம் அடிக்கவே கூடாது.

ஜூன் 8

வெயில் காலத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். எனக்கு மழையைவிட வெயிலே அதிக அச்சம் தருவது. மழையில் நனைந்த பிள்ளை நடுங்குவான், முறையிடுவான். வெப்பத்தால் பாதிக்கப்படும் பிள்ளையோ பல நேரங்களில் விளையாட்டின் மும்முரத்தில் எதையும் சொல்லாமலேயே விழுந்துவிடுவான்.

2023 ஆகஸ்டில் தென் கொரியாவின் சேமாங்கும் என்ற இடத்தில் உலகச் சாரணர் பெருந்திரளணி (ஜாம்பூரி) நடந்தது. கடலைத் தூர்த்து உருவாக்கிய, மர நிழல் அரிதான சமவெளியில் 40,000க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். வெப்ப அலையில் நூற்றுக்கணக்கானோர் உடல்நலம் குன்றினார்கள். பிரிட்டன், அமெரிக்கக் குழுக்கள் இடையிலேயே வெளியேறின. பின்னர் புயல் நெருங்கியதால் முகாமே முழுவதும் காலி செய்யப்பட்டது. ஓர் அரசும் உலக அமைப்பும் பல ஆண்டுகள் திட்டமிட்ட நிகழ்ச்சிக்கே இந்த நிலை என்றால், நம் சிறிய படை இடத்தையும் பருவத்தையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும் என்பதை நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். கேள்வி கேட்டவர் இதையே தமக்குச் சான்றாகக் காட்டலாம். ஆனால் நிழலும் நீரும் உள்ள வேறோர் இடத்தில், நண்பகலைத் தவிர்த்து வகுத்த நேர அட்டவணையோடு, இருபது முப்பது பிள்ளைகளை வைத்து அதே மாதத்தில் முகாம் நடத்த முடியும். பெரிய கூட்டத்துக்கு வாய்க்காத இந்த வசதி சிறிய படைக்கு வாய்த்திருக்கிறது.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். விடியுமுன் எழுந்து, வெயில் ஏறுமுன் நடைப்பயணத்தை முடித்துவிடுகிறோம். நண்பகலில் நிழலில் அமர்ந்து வரைபடம் வரைதல், முதலுதவிப் பயிற்சி, ஓய்வு. மாலையில் மீண்டும் வெளி வேலை. வெப்பத்துக்கு உடல் பழக 7 முதல் 14 நாட்கள் வேண்டும் என்பதால், வீட்டுக்குள்ளேயே இருந்த பிள்ளையை முதல் நாளே நெடுந்தூரம் நடக்க வைப்பதில்லை. முகாமுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மாலை விளையாட்டுகளின் நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டு போகிறோம். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் குறித்த இடைவெளிகளில் அணித்தலைவர் அணி முழுவதையும் தண்ணீர் குடிக்க வைக்கிறார். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை என்று பொருள். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு தாங்களாகவே கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

வெம்மை 40 டிகிரி செல்சியஸைத் தொடாவிட்டாலும் காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை உலராது, உடல் குளிராது. ஆகவே வெப்பமானியின் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. தலைவலி, வாந்தி உணர்வு, மிகுந்த சோர்வு என்று ஒரு பிள்ளை சொன்னால் நிழல், நீர், ஓய்வு ஆகியவை அவனுக்கு உடனே கிடைக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத் தாக்கு. மருத்துவ உதவிக்கு ஆளனுப்பிய கையோடு, வண்டி வரும்வரை காத்திருக்காமல், உடல் முழுவதும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறத் தொடங்கிவிட வேண்டும். அந்நிலையில் வாய்வழியாக நீர் புகட்டக் கூடாது.

ஜூன் 9

சாரணர் வயதை எட்டாத சிறுபிள்ளைகளான குருளையர் பற்றி ஒருவர் தனியே கேட்டிருந்தார். மேலே எழுதிய முகாம், நடைப்பயண ஏற்பாடுகள் சாரணர் வயதினருக்கானவை. சின்னஞ்சிறு உடல், எடையோடு ஒப்பிடும்போது அதிகப் பரப்பு உள்ளது. குளிரிலும் நீரிலும் அது வெகுவேகமாக வெப்பத்தை இழக்கும். குருளையருக்கு மழை என்றால் அரை நாள் போதும், இரவு தங்கல் வேண்டாம். திரும்பி வந்ததும் உலர்ந்த மாற்றுடை கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஜூன் 14

"பெற்றோர் மழையில் அனுப்பமாட்டார்கள்" என்ற மறுப்பு எல்லாவற்றையும்விட வலுவானது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. எங்கள் பெற்றோரும் அனுப்பவில்லை. நாங்கள் அவர்களிடம் வீரத்தைப் பற்றியும் தன்னம்பிக்கையைப் பற்றியும் பேசிப் பார்த்தோம், பலன் இல்லை. பிறகு ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தாளில், எந்த நிலையில் நிகழ்ச்சியை நிறுத்துவோம், எந்த நிலையில் இடம் மாற்றுவோம், அருகிலுள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும், உடன் வரும் பெரியவர்கள் யார், தனியாக ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருக்கும் நிலை ஒருபோதும் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வோம் என்பவற்றை எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பின் ஒரு முகாமை, வந்திருந்த மேகத்தைப் பார்த்து, நாங்களே புறப்படும் நேரத்தில் நிறுத்தினோம். பிள்ளைகள் முகம் வாடிப்போயிற்று. பெற்றோரின் நம்பிக்கையோ அன்றுதான் பிறந்தது. எழுதிய வரம்பின்படி ஒரு முறை நிறுத்திக் காட்டிய படையோடு, அடுத்த மழைக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்குபவர்கள் மிகவும் குறைவு.

அந்த வரம்புகளைக் களத்தில் நின்றுகொண்டு முடிவு செய்யக் கூடாது. மூட்டை கட்டி, வண்டி ஏற்பாடு செய்து, பிள்ளைகள் ஆவலோடு நிற்கும்போது எந்தப் பெரியவருக்கும் "போய்விட்டு வந்துவிடலாம்" என்றுதான் தோன்றும்.

ஜூன் 15

நேற்று வரம்புகளையே பேசிவிட்டேன். மழை தரும் நன்மையைச் சொல்ல விடுபட்டுவிட்டது. தடம் பார்க்கும் பயிற்சிக்கு மழை ஓய்ந்த மறுநாள் காலைக்கு ஈடான நேரம் ஆண்டு முழுவதும் கிடையாது. ஈர மண்ணில் ஒவ்வொரு காலடியும் விளிம்பு குலையாமல் பதிந்திருக்கும். காலைச் சூரியன் தாழ்வாக நிற்பதால் பள்ளங்களில் நிழல் விழுந்து தடம் எடுப்பாகத் தெரியும்.

ஒருமுறை, முகாமைச் சுற்றிப் போன நாயின் தடத்தைப் பற்றி இரண்டு அணிகளுக்குள் வாக்குவாதம் வந்தது: அது மழைக்கு முன் போனதா, பின் போனதா? வயதில் சிறிய ஒரு பெண், மண்ணோடு முகம் வைத்துப் பார்த்துவிட்டு, சுற்றியுள்ள மண்ணில் இருப்பதுபோலவே தடத்துக்குள்ளும் மழைத்துளி விழுந்த சிறு குழிகள் இருப்பதைக் காட்டினாள். அப்படியானால் தடம் முதலில், மழை பிறகு. சற்றுத் தள்ளி வேறொரு தடத்தில் அந்தக் குழிகள் மிதிபட்டு நசுங்கியிருந்தன; ஆகவே அந்த நாய் மழைக்குப் பின் திரும்பியும் வந்திருக்கிறது. இதை எந்தப் பெரியவரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மழைக்காலத்தைக் கூடத்துக்குள் கழிக்கும் படைகள் இந்தக் காலைப் பொழுதை இழக்கின்றன என்பதே எனக்கு உள்ள பெரிய வருத்தம்.

ஜூன் 22

சாரணியர் தலைவி ஒருவர் சுட்டிக்காட்டியதை இங்கே பதிவு செய்கிறேன். நான் இதுவரை எழுதிய எதையும்விட இது உடனடியாகச் செய்யத்தக்கது. மழைக்கால முகாமைப் பல பெண்பிள்ளைகள் தவிர்ப்பதற்குக் காரணம் மழை அல்ல. உடை மாற்ற மறைவிடம் இல்லாமை, துவைத்தது உலராமை, மாதவிடாய் வந்தால் யாரிடம் கேட்பது என்ற கூச்சம். அவர்கள் படையில் நாப்கின், காகிதப் பை, சோப்பு ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டுக் கழிப்பிடக் கூடாரத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, யாரும் கணக்கு வைப்பதில்லை. பயன்படுத்தியதைப் போட மூடியுள்ள வாளி ஒன்றும் அங்கேயே இருக்கிறது. கழிப்பிடம் நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது எல்லாப் பருவத்துக்கும் பொது. மழைக்காலத்தில் முகாமுக்குச் சரிவின் கீழ்ப்பக்கமாகவும் இருக்க வேண்டும். உடை உலர்த்த, பொது இடத்திலிருந்து விலகி, கூரையோடு ஒரு கொடி கட்டித் தருவதும் அவசியம். எங்கள் படையில் இவற்றைச் செய்யத் தொடங்கிவிட்டோம்.

ஜூலை 2

குளிர் காலம்தான் இதமான காலம் என்று எண்ணி அதற்கு ஆயத்தமே செய்யாமல் போகிறவர்கள் உண்டு. இரவில் குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்தே அதிகமாக உடலை வாட்டும். போர்வை இரண்டு இருந்தால் தடித்ததைக் கீழே விரிக்க வேண்டும். பருத்தி நனைந்துவிட்டால் கதகதப்பு போய்விடும், கம்பளியோ ஈரத்திலும் ஓரளவு காக்கும். உறங்குவதற்கென்று ஓர் உடையை நீர் புகாத பையில் கட்டிவைத்து, பகலில் என்ன நேர்ந்தாலும் அதைத் தொடக் கூடாது. மலையேறும் படைகள், ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அடக்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை, உடல் சூடேறாமலே நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டால், அது தேறிவிட்டதற்கு அடையாளம் இல்லை. உடல் வெப்பம் மேலும் இறங்குகிறது என்று கொண்டு உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

இந்தப் பருவத்தின் கொடை வானம். ஆண்டின் தொடக்க மாதங்களில் மாலை வானில் ஓரியன் விண்மீன் குழு தெரியும்; அதன் இடைவாராக அமைந்த மூன்று விண்மீன்கள் விண்நடுக்கோட்டை (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் கற்பனை செய்யும் கோட்டை) ஒட்டியிருப்பதால், உலகின் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். அதன் தோளில் செந்நிறமாக ஒளிர்வது திருவாதிரை. திசைகாட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, இந்த மூன்று விண்மீன்களை மட்டும் வைத்துத் திசை சொல்லச் சொன்னால் பிள்ளைகள் தொடக்கத்தில் திணறுவார்கள். அவை மறையும் திசையில் ஒரு முளையை அடித்துவைத்து, காலையில் திசைகாட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 3

வட அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை: அடிவானத்திலிருந்து துருவ நட்சத்திரம் எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ, ஏறத்தாழ அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. நீட்டிய கையில் மூடிய முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. இதைச் சோதிக்க மேகமற்ற இரவும் அடிவானம் தெரியும் வெளியும் போதும்.

ஜூலை 13

சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சிறுவர்களைத் திரட்டி நடத்திய முதல் சோதனை முகாம் கோடைக்கால முகாம்தானே, அவரே இதமான பருவத்தைத்தானே தேர்ந்தெடுத்தார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மை. ஆனால் அந்த முகாமிலிருந்து நாம் கொள்ள வேண்டியது மாதத்தை அல்ல, ஓநாய், காளை, குதிரைமலைக் கோட்டான், அண்டங்காக்கை என்று நான்கு அணிகளாகப் பிரித்துப் பொறுப்பைச் சிறுவர்களிடமே ஒப்படைத்த முறையை. மாதத்தைக் கொண்டால் சிக்கல்தான்: 1987 முடிந்து 1988 பிறக்கும் நாட்களில் ஆஸ்திரேலியாவில் உலகப் பெருந்திரளணி நடந்தது, ஏனெனில் அங்கே அதுதான் கோடை. பருவமும் எப்போதும் சொன்னபடி நடந்துகொள்ளாது. 1929இல் இங்கிலாந்தின் ஆரோ பார்க்கில் கோடையில் கூடிய பெருந்திரளணி மழையாலும் சேற்றாலும்தான் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

எனவே ஆண்டுத் திட்டத்தை எழுத வேண்டியவர்கள் அணித்தலைவர்கள் கூடும் கௌரவ மன்றத்தினர். இடி, வெள்ளம், வெப்பம், கடுங்குளிர், காட்டுத்தீ அபாயம் ஆகியவற்றின் வரம்பைப் பெரியவர்கள் வகுக்க வேண்டும். அதற்குள் எந்த மாதத்தில் எதைச் செய்வது என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்ய வேண்டும். எங்கள் மன்றத்தில் மழை மாதத்துக்கு நான் எதிர்பார்த்தது குறுகிய நடைப்பயணம். அவர்கள் கேட்டது மழையில் நெருப்பு மூட்டும் போட்டி. நின்ற நிலையிலேயே காய்ந்த கிளையைத் தேடி எடுத்து, நனைந்த பட்டையைச் சீவி, பிளந்து, உள்ளே உலர்ந்திருந்த கட்டையிலிருந்து சுருள் சுருளாகச் செதுக்கி, அதைச் சட்டைக்குள் வைத்துக் காத்து, ஈரத் தரையில் கிளைகளை அடுக்கி அதன்மேல் மூட்டினார்கள். வெற்றி பெற்ற அணி வேகமான அணி அல்ல. மூட்டுமுன் எல்லாச் சுள்ளிகளையும் பருமன் வாரியாகப் பிரித்து வைத்திருந்த அணி.

ஜூலை 14

காட்டுத்தீ என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டேன் என்று கேட்டிருக்கிறார்கள். வறண்ட காலத்தில் நாங்கள் திறந்தவெளி நெருப்பே மூட்டுவதில்லை; அடுப்பு மட்டும்தான், அதுவும் சருகு நீக்கிய வெற்று மண்ணில், அருகில் நீர் வாளியோடு. மற்றக் காலங்களில் அணைக்கும்போது நீர் ஊற்றி, கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ச் சூடில்லை என்று உறுதி செய்த பிறகே நகர்கிறோம். மேலே அணைந்தாலும் இலைமக்கு நிறைந்த மண்ணுக்கடியில் கனல் ஊர்ந்து செல்லும்.

ஆகஸ்ட் 3

கேள்வி கேட்டவர் தம் படையின் கௌரவ மன்றம் எழுதிய திட்டத்தை அனுப்பியிருக்கிறார். இதமான மாதங்களில் இரண்டு இரவு முகாம், மழை மாதத்தில் தடம் பார்க்கும் காலை நடையும் ஒரு பகல் முகாமும், வெயில் மாதத்தில் விடியற்கால நடையும் நீர் நிலைக்கு அருகே நிழல் முகாமும், குளிரில் விண்மீன் இரவு. நன்றாக இருக்கிறது. மூன்று மாற்றங்களை மட்டும் பரிந்துரைக்கிறேன். மழை மாதத்துப் பகல் முகாமை, ஓடிச் சேரக்கூடிய உறுதியான கட்டடம் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். நீங்கள் குறித்த திடல் அழகாக இருந்தாலும் 30 நொடி விதியைக் கடைப்பிடிக்க அங்கே வழியில்லை. வெயில் முகாம் ஆண்டுத் தேர்வுகள் முடிந்த மறுநாளே தொடங்குகிறது. பல வாரங்கள் அறைக்குள் அமர்ந்து படித்த பிள்ளைகள் அவர்கள், ஆகவே அதை இரண்டு வாரம் தள்ளிவைத்து, இடையில் மாலை விளையாட்டுகளை நடத்துங்கள். நீர் நிலை என்பதால் நீச்சல் தெரிந்த, உயிர்காக்கும் பயிற்சி பெற்ற ஒரு பெரியவரின் பெயரும் அந்தத் திட்டத் தாளில் இருக்க வேண்டும். அது இன்னும் காலியாக இருக்கிறது.